ஜேர்மனியில் இருக்கும் நாங்கள், பிள்ளை பார்க்க வன்னியில் இருந்து சொந்தக்காரப் பிள்ளையை ஓ பேர் விசாவில் (ஒரு குடும்பத்தோடு தங்கி, பிள்ளைகளைப் பார்த்து, மொழி பழகுவதற்கான விசா) எடுக்கலாமா?

எடுக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நீங்கள் சித்திக்கு ஆசை காட்டி, அந்தப் பிள்ளை டொச் (ஜேர்மன் மொழி) வகுப்புக்குக் காசு கட்டி, கடைசியில் கொழும்பில் தூதரகம் விசாவை மறுத்தால் அந்தக் கோபம் கலியாணம், செத்தவீடு வரைக்கும் நிற்கும்.

நீங்கள் இரண்டு பேரும் முழுநேர வேலை, சின்னப் பிள்ளைகள் இரண்டு, விசுவமடுவில் சித்தியின் மகளுக்கு 20 வயது, அவள் வந்து நின்றால் பிள்ளைகளுக்குத் தமிழும் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசை விளங்குகிறது. ஆனால் ஓ பேர் ஆக வருகிறவர் அந்தக் குடும்பத்துக்கு உறவாக இருக்கக்கூடாது என்பது அங்குள்ள விதி. சரி, உறவில்லாத அயல்வீட்டுப் பிள்ளை என்றால்? அதுவும் சரிவராது. வீட்டில் டொச் தாய்மொழியாக இருக்கவேண்டும். தாய்மொழி இல்லை, ஆனாலும் வீட்டில் டொச்தான் பேசுகிறோம் என்றால், வருகிறவர் உங்கள் சொந்த நாட்டுக்காரராக இருக்கக்கூடாது. மொழியும் அந்த நாட்டு வாழ்க்கையும் பழகத்தான் இந்த விசா. வந்து நாள் முழுக்கத் தமிழில் கதைத்துக்கொண்டிருக்க அதைத் தரமாட்டார்கள்.

என்னைக் கேட்டால் இது நல்ல விதி. என் தங்கச்சி கிளிநொச்சியில் இருந்து போய் ஒரு ஜேர்மன் குடும்பத்தோடு நின்றவள். வாரத்துக்கு 30 மணித்தியாலம், ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் இல்லை, ஒன்றரை நாள் லீவு, நான்கு பின்னேரமாவது அவளுக்கே. தனி அறை. நேரம் முடிந்தால் அந்த வீட்டு அம்மாவே பிள்ளையை வாங்கிக்கொண்டு 'நீ போ' என்பாவாம். உங்கள் சித்தி மகள் உங்களிடம் 'அக்கா, இன்றைக்கு என் நேரம் முடிந்தது' என்று வாய் திறப்பாளா? நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் திறக்கமாட்டாள். ஊரில் பார்த்ததுதானே, படிக்க வசதி என்று டவுனில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்ட பிள்ளைகள் எத்தனை பேர் விடிய எழும்பி முற்றம் கூட்டி, தேத்தண்ணி வைத்து, பாத்திரம் கழுவிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனார்கள். எல்லாரும் சொல்வது 'எங்கட பிள்ளை மாதிரித்தான் வைச்சிருக்கிறம்'. இந்த 'மாதிரி'க்குள் எத்தனை மணித்தியால வேலை என்று யாரும் எண்ணுவதில்லை.

இன்னொரு விஷயம். இரண்டு பேருக்கும் முழுநேர வேலை என்றால் எந்த நாட்டுப் பிள்ளை வந்தாலும் அந்த 30 மணித்தியாலம் உங்களுக்குக் காணாது. கிண்டர்கார்டனும் இருந்து, காலையிலும் பின்னேரமும் ஒரு கை தேவை என்கிற வீட்டுக்குத்தான் இது பொருந்தும். வேலை என்பது பிள்ளைகளைப் பார்ப்பதும் சின்னச் சின்ன வீட்டு வேலையும் மட்டும். முழு வீடும் துடைப்பது, விருந்துக்குச் சமைப்பது, மாமிக்கு மருந்து மாத்திரை பார்ப்பது எல்லாம் அதில் இல்லை. செலவையும் பாருங்கள்: மாதம் 280 யூரோ கைச்செலவுக்கு, மொழி வகுப்புக்கு 70 யூரோ, அதோடு காப்புறுதி, சாப்பாடு, அறை. வீட்டில் டொச் பேசுகிறவர்கள் என்றால் வேறு நாட்டுப் பிள்ளையை எடுக்கலாம், ஜோர்ஜியா, கொலம்பியாவில் இருந்தெல்லாம் வருகிறார்கள்.

சித்தி மகளுக்கு விருப்பம் என்றால் அவளே ஒரு ஜேர்மன் குடும்பத்துக்குப் போகட்டும். 18 வயது முடிந்திருக்கவேண்டும், விண்ணப்பிக்கும்போது 27 ஆகியிருக்கக்கூடாது, டொச் ஏ1 அளவுக்கு, அதாவது ஆரம்ப நிலைக்குத் தெரியவேண்டும். கூடினால் ஒரு வருடம், நீட்டமுடியாது. சித்தியிடம் காசுக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லுங்கள், 280 யூரோ என்பது சம்பளம் இல்லை, அதை நம்பி வீட்டுக் கடன் அடைக்க முடியாது. தங்கச்சி போன நேரம் எங்கள் அம்மாவுக்கு இதை விளங்கவைக்கப் பட்ட பாடு தனிக்கதை.

அப்புறம், இந்தப் பக்கம் 'ஓ பேர் விசா எடுத்துத் தாறம்' என்று லட்சக்கணக்கில் கேட்கிற ஆட்கள் திரிகிறார்கள். அந்தக் குடும்பத்தோடு வீடியோவில் நேரே கதைத்து, வேலை நேரமும் கைச்செலவும் எழுதிய, குடும்பம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் கையில் வாங்கும்வரை சங்கிலியை அடகு வைக்கவேண்டாம் என்று இன்றைக்கே சித்திக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள்.