கிரைண்டர் ஓடும்போது கரண்ட் போனால்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் வீட்டுக் கராஜில் ஆங்கிள் கிரைண்டரோடு (உலோகத்தை அறுக்கவும் தேய்க்கவும் உதவும் கைக்கருவி) வேலை செய்யும்போது மின்வெட்டு வந்தால் என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடுங்கள். பல ஆங்கிள் கிரைண்டர்களில் சுவிட்ச் ‘ஆன்’ நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். கரண்ட் திரும்பியதும் மேசையில் கிடக்கும் கருவி தானாகச் சுழன்று துள்ளும். 115 மி.மீ. டிஸ்க் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும், சும்மா இல்லை! அது உடைந்தால் தெறிக்கும் துண்டுகளைத் தடுப்பது டிஸ்க்கை மூடியிருக்கும் கார்டு என்ற பாதுகாப்பு உறைதான். இடைஞ்சல் என்று அதைக் கழற்றிப்போடும் பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள்.

ஜெனரேட்டரைக் கதவு திறந்திருந்தாலும் கராஜுக்குள் ஓட்டாதீர்கள்; அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது.

அப்புறம், டிபி போர்டில் (வீட்டு மின்சுவிட்சுகள் இருக்கும் பெட்டி) எர்த் லீக்கேஜின், அதாவது மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சின், டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் அந்தச் சுவிட்ச் தானாக அணைந்து விழவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.