பித்தளைக் கூடு வாங்குமுன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இலக்குச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். உரிய அனுமதி பெற்று, என் .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கான தோட்டாக்களை நானே மீள்நிரப்பத் தொடங்கியிருக்கிறேன். புதிய பித்தளைக் கூடுகளையே வாங்க வேண்டுமா, அல்லது ‘ஒருமுறை மட்டும் சுட்டது’ என்று மலிவாக விற்கப்படுபவை போதுமா?

பதில்: தோட்டாவின் பாகங்களான குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், இவற்றைத் தாங்கும் கூடு என்னும் நான்கில் மீண்டும் கைக்கு வருவது கூடு ஒன்றுதான். ஆகவே அதன் விலையை, அது தாங்கும் சுடுதல்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பின்லாந்தின் லாபுவா, சுவீடனின் நார்மா போன்ற விலை உயர்ந்த கூடுகள் முதலில் தோன்றுகிற அளவுக்குச் செலவு வைப்பதில்லை. அவற்றுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பளபளப்புக்காக அன்று, சீர்மைக்காக. கழுத்துச் சுவரின் தடிமன் சுற்றிலும் ஒன்றாக இருப்பதும், ஒரு பெட்டியிலுள்ள கூடுகளின் எடை ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பதும், பிரைமர் குழியின் நடுவில் தீப்பொறி மருந்துக்குச் செல்லும் தீத்துளை மையம் விலகாமல் இருப்பதுமே அந்தச் சீர்மை. மலிவான கூட்டின் வாய்வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். தீத்துளையை அச்சால் குத்தி எடுத்தபோது பிதுங்கிய பிசிறு உட்பக்கம் ஒரு செதிலைப் போல நிற்பதைப் பல கூடுகளில் காணலாம். அதற்கென உள்ள சிறு கருவியால் அதை நீக்கிவிடலாம் என்பதால், அதற்காக மட்டும் ஒரு கூட்டை ஒதுக்க வேண்டியதில்லை.

‘ஒருமுறை சுட்டது’ என்பது விற்பவரின் வாக்குமூலம் மட்டுமே. எந்தத் துப்பாக்கியில் சுட்டது என்பதை அவர் சொல்வதில்லை; பெரும்பாலும் அவருக்கே தெரியாது. இயந்திரத் துப்பாக்கிகளின் சேம்பர், அதாவது தோட்டா அமரும் அறை, சற்றுத் தாராளமாகக் குடையப்பட்டிருக்கும் என்பதால், அவற்றில் சுட்ட கூடு அடிப்பக்கம் வரை பருத்து, நீண்டு வெளிவரும். அதை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும்போது பித்தளை தன் ஆயுளில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. பழைய கூடுதான் வேண்டுமென்றால், நல்ல நிறுவனத்தின் நிரப்பிய தோட்டாக்களை வாங்கி உங்கள் ரைஃபிளிலேயே சுட்டு, அந்தக் கூடுகளைச் சேர்த்து வையுங்கள் என்பதே என் யோசனை. பூர்வீகம் தெரிந்த சாதாரணக் கூடு, பூர்வீகம் தெரியாத உயர்ந்த கூட்டைவிட மேலானது. எதை வாங்கினாலும் ஒரே உற்பத்தித் தொகுதியிலிருந்து ஒரே சமயத்தில் போதுமான அளவு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அதே பெயரில் வாங்கும் பெட்டி, அதே கூடாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

கேள்வி: அடியில் ‘எல்.சி.’ என்ற எழுத்துகளும் இரண்டு இலக்கங்களும், வட்டத்துக்குள் சிலுவைக் குறியும் உள்ள ராணுவக் கூடுகள் மூட்டையாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: எல்.சி. என்பது அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1941இல் தொடங்கப்பட்ட லேக் சிட்டி ஆயுதத் தொழிற்சாலையின் முத்திரை. இலக்கங்கள் தயாரித்த ஆண்டையும், வட்டச் சிலுவை நேட்டோ தரத்தையும் குறிக்கின்றன. பித்தளை உறுதியானது, வாங்கலாம். ஆனால் இரண்டு வேலைகள் காத்திருக்கும். முதலாவது, பிரைமர் அதிர்ச்சியில் வெளியேறாதபடி அதைச் சுற்றிப் பித்தளையை நசுக்கி இறுக்கியிருப்பார்கள். அந்த விளிம்பைக் கருவியால் அகற்றாமல் புதுப் பிரைமரை அழுத்தினால் அது நசுங்கும்.

இரண்டாவது வேலைதான் முக்கியம். .308க்கு இணையான ராணுவ வகையான 7.62இன் கூடுகள் பொதுவாக .308 வணிகக் கூடுகளைவிடத் தடித்த சுவர் கொண்டவை. வெளி அளவு ஒன்றாக இருப்பதால் தடிப்பு முழுவதும் உள்ளறையைக் குறைக்கிறது. அதே மருந்தளவு கூடுதல் அழுத்தத்தைத் தருகிறது. ஆகவே வணிகக் கூட்டில் சரியாக இருந்த அளவை அப்படியே இதில் போடக்கூடாது. மீள்நிரப்பல் கையேடு தரும் தொடக்க அளவிலிருந்து புதிதாக ஆரம்பிக்க வேண்டும். ராணுவக் கூடு என்றாலே தடிப்பு என்று பலர் பொத்தாம்பொதுவாகச் சொல்வதையும் நம்ப வேண்டாம், சிறிய ராணுவத் தோட்டாவான 5.56இன் கூடுகளில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரிவதில்லை. சந்தேகத்தைத் தண்ணீரே தீர்க்கும். சுட்ட கூட்டைப் பழைய பிரைமரோடு எடை போட்டு, வாய் மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பி மறுபடி எடை போட்டால், அந்த வித்தியாசமே உள்ளறையின் கொள்ளளவு. இரண்டு வகைக் கூடுகளிலும் சிலவற்றை இப்படிச் சோதித்துவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை.

கேள்வி: புதிதாக வந்த விலை உயர்ந்த கூடுகளின் கழுத்துப் பகுதி நீலமும் பழுப்புமாகக் கறுத்திருக்கிறது. தீயில் வாட்டிய பழைய சரக்கைத் தள்ளிவிட்டார்களா?

பதில்: தீயில் வாட்டியது உண்மை, ஆனால் அது தேவையான வேலை. கூட்டுப் பித்தளை என்பது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்தது. வில்லையைக் கிண்ணமாக்கி, கிண்ணத்தைப் பல முறை இழுத்துக் குழாயாக்கும்போது பித்தளை கடினமாகிறது. குண்டைப் பிடிக்கும் கழுத்து கடினமாகவே இருந்தால் விரைவில் பிளந்துவிடும் என்பதால், கடைசியில் அந்தப் பகுதியை மட்டும் சூடேற்றி இளக்குகிறார்கள். அந்தச் சூட்டின் நிறத்தைச் சில நிறுவனங்கள் தேய்த்து அகற்றிவிடுகின்றன. ராணுவக் கூடுகளில் அது அப்படியே விடப்படுகிறது. நிறம், கழுத்து விரியும் சரிவான தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே நின்றுவிட வேண்டும். அடிப்பாகம் வரை நிறம் மாறிய கூடு, உதாரணமாக தீ விபத்தில் அகப்பட்ட சரக்கு, பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆகாது. அழுத்தத்தைத் தாங்கும் அடி இளகிவிட்டால் வாயு பின்புறமாக, சுடுபவர் முகத்துப் பக்கம் பீறிடும்.

கேள்வி: வெளிநாட்டுக் கூடுகள் சிலவற்றை மீள்நிரப்ப முடியாது என்கிறார்களே?

பதில்: உள்ளே ஒரே தீத்துளை இருந்தால் பாக்ஸர் முறை, பழைய பிரைமரை ஊசியால் தள்ளி எடுக்கலாம். நடுவில் ஒரு குமிழும் பக்கங்களில் இரண்டு சிறு துளைகளும் இருந்தால் பெர்டான் முறை, ஊசி முறியும். இந்த முறைகளுக்குப் பெயர் தந்தவர்களில் பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் இன்று அமெரிக்கா பாக்ஸரையும் ஐரோப்பிய ராணுவங்கள் பல பெர்டானையும் பின்பற்றுவது ஒரு வேடிக்கை. கையில் ஒரு காந்தமும் இருக்கட்டும்: ஒட்டிக்கொண்டால் அது பித்தளைப் பூச்சிட்ட எஃகு.

கேள்வி: பழைய கூடுகளை வாங்கும்போது எதைப் பார்த்து ஒதுக்க வேண்டும்? வீட்டிலுள்ள பித்தளை மெருகுத் திரவத்தால் அவற்றைத் துலக்கலாமா?

பதில்: கழுத்துப் பிளவு கண்ணுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியாதது அடிக்குச் சற்று மேலே உருவாகும் மெலிவு. சுடும்போது கூட்டின் முன்பகுதி சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்ள, அடி பின்னோக்கித் தள்ளப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே பித்தளை இழுபட்டு மெலிகிறது. வெளியே அந்த இடத்தில் ஒரு வெளிறிய வளையம் தோன்றலாம். பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்துக் கூராக்கி, உட்சுவரை அடியிலிருந்து மேல்நோக்கி வருடிப் பாருங்கள். ஒரு பள்ளத்தில் நுனி தடுக்கினால், அந்தக் கூடு அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ இரண்டாக அறுபடும். மூட்டையில் பத்துக் கூடுகளைச் சோதித்து ஒன்றில் தடுக்கினாலும் மூட்டையையே விட்டுவிடுவது நல்லது.

அம்மோனியா கலந்த மெருகுத் திரவம் கூடவே கூடாது. ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், இழுத்துச் செய்த பித்தளையில் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என்பது 1921இல்தான் விளக்கப்பட்டது. அரைத்த சோளத்தக்கையிலோ அக்ரூட் (வால்நட்) ஓட்டுத் தூளிலோ கூடுகளை உருட்டித் துலக்குவதே போதும்.

கேள்வி: அயல்நாட்டிலிருந்து வெற்றுக் கூடுகளைத் தருவிக்கத் தடை உண்டா?

பதில்: நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெற்றுக் கூட்டையும் தோட்டா என்பதன் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. பணம் செலுத்துமுன் உங்கள் உரிம அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: ஒரு கூட்டை எத்தனை முறை நிரப்பலாம்?

பதில்: எண் சொல்வதில் பயனில்லை, மிதமான அழுத்தத்தில் சுடுபவரிடம் பல மடங்கு உழைக்கும் கூடு, உச்ச அளவில் நிரப்புபவரிடம் சில சுடுதல்களிலேயே தளர்ந்துவிடும். பிரைமர் குழிதான் சொல்லும். புதுப் பிரைமர் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே இறங்கினால் அந்தக் கூட்டின் வேலை முடிந்தது. அதன் வாயை இடுக்கியால் நசுக்கிய பிறகே கழிவுப் பித்தளையில் போடுங்கள். நசுக்காமல் போட்ட கூடு, ‘ஒருமுறை சுட்டது’ என்ற பெயரில் வேறொருவர் மேசைக்குப் போய்ச் சேரும்.