ஒரு கற்றல் செயலியால் பிள்ளைகள் உண்மையிலேயே கூடுதலாகக் கற்கிறார்களா என்று எப்படிக் கண்டறிவது?

எத்தனை பேர் உள்நுழைந்தார்கள், எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்ற கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது பயன்பாட்டைத்தான் சொல்லும், கற்றலை அல்ல.

"செயலி வந்தபின் மதிப்பெண் கூடியது" என்பதும் போதாது. ஓராண்டில் எந்தப் பிள்ளையும் கொஞ்சமாவது முன்னேறும். செயலி இல்லாதிருந்தால் எவ்வளவு முன்னேறியிருக்கும்? அதை அறியத்தான் குலுக்கல் முறையில் பிள்ளைகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் செயலியைக் கொடுக்கிறார்கள். விரும்பிச் சேர்ந்தவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டால், அவர்களுடைய ஆர்வத்தின் பலனும் செயலியின் வரவில் சேர்ந்துவிடும்.

பெரு நாட்டில் 319 பள்ளிகளில் இப்படி ஆய்வு செய்தார்கள். மடிக்கணினி கொடுத்து சுமார் 15 மாதங்கள் கழித்தும் கணிதத்திலோ மொழியிலோ, மடிக்கணினி பெறாத பள்ளிகளைவிடக் கூடுதல் முன்னேற்றம் தென்படவில்லை. டெல்லியில் 619 மாணவர்களிடம் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளைச் சோதித்தபோது, நாலரை மாதத்தில் மற்ற குழுவைவிடக் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவு) அளவுக்கு உயர்வு. அந்த மென்பொருள், பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது என்று பார்க்காமல், பிள்ளை நிற்கும் படியிலிருந்து பாடத்தைத் தொடங்கியது. என் பார்வையில் முக்கியமான வேறுபாடு அதுதான். ஆனால் அங்கே சிறு குழுக்களுக்குத் துணை ஆசிரியர்களும் இருந்தார்கள்; எனவே முழுப் பலனையும் மென்பொருளுக்கே கொடுத்துவிட முடியாது.

தேர்வும் செயலிக்கு வெளியே இருக்கட்டும். திரையில் நான்கு விடைகளில் 7/8-ஐச் சரியாகத் தொட்ட பிள்ளையிடம் வெற்றுத்தாளைக் கொடுத்து, 3/4 + 1/8 எவ்வளவு, படம் வரைந்து காட்டு என்று கேளுங்கள். சில மாதங்கள் கழித்து மறுபடியும் கேளுங்கள்.