ஏட்டில் புள்ளி கிடையாது

அன்பின் ஐயா,

வருகிற மாதம் நானும் அம்மாவும் இந்தியா போகிறோம். சென்னையில் அக்காவின் மகளுக்குக் கலியாணப் புடவை எடுக்கிற அலுவல். அது முடிய வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய் நாடி ஏட்டில் சோதிடம் பார்க்க நினைத்திருக்கிறோம். எங்களுக்கு இதுதான் முதல் தடவை. சாதகக் குறிப்பைக் கொண்டுபோக வேண்டுமா? எத்தனை காண்டம் பார்ப்பது நல்லது? விரதம் இருக்க வேண்டுமா? கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொண்டு போகலாமா? உங்கள் அப்பா ஏடு படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன். இது உண்மையா பொய்யா என்றும் சொல்லுங்கள். 90இல் காணாமல் போன அண்ணாவைப் பற்றி மூன்றாம் காண்டத்தில் பார்க்கலாம் என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

(பெயரும் ஊரும் போடவேண்டாம் என்று கேட்டிருந்தார். மட்டக்களப்புத்தான்.)

தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்த நேரம் முற்றத்தில் பாய் விரித்து அப்பாவின் ஏட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாரி கழிந்ததும் வருடா வருடம் செய்கிற வேலை. ஓலையை ஒவ்வொன்றாகப் பிரித்து, எண்ணெய் தொட்ட சீலையால் ஒற்றி, விளக்குக் கரி பூசி, திரும்பத் துடைக்க வேண்டும். எழுத்தாணி கீறிய பள்ளத்துக்குள் மட்டும் கறுப்பு நிற்கும், மற்ற இடம் வெளுத்துவிடும். கையெல்லாம் கரியாக இருந்ததால் மகள்தான் உங்கள் கடிதத்தை வாசித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

முதலில் உங்கள் கேள்விகளை முடித்துவிடுகிறேன். விரதம் வேண்டாம். சாதகக் குறிப்பும் வேண்டாம், அவர்களுக்குத் தேவை பெருவிரல் ரேகை மட்டும். ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது. ரேகையில் 108 வகை உண்டு என்றும் வகைக்கு வகை ஏட்டுக்கட்டு வேறு என்றும் சொல்வார்கள். பொதுக் காண்டத்தை, அதாவது ஏட்டின் முதல் பகுதியைப் பாருங்கள், அதோடு வேண்டுமென்றால் இன்னொன்று. காசு எவ்வளவு என்று உட்காரும் முன்பே கேளுங்கள். போன பிறவிப் பாவத்துக்குப் பரிகாரம் சொல்கிற சாந்தி காண்டமும், மந்திரம், தாயத்து என்று போகிற தீட்சைக் காண்டமும்தான் பர்ஸைக் காலியாக்கும். அந்த வாசலில் நின்றே கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பஸ்ஸால் இறங்கியதும் ‘நல்ல இடத்துக்குக் கூட்டிப்போறன்’ என்று வருகிறவர்களுக்குப் பின்னால் போகாதீர்கள். கோயிலுக்குள் போங்கள். புள்ளிருக்குவேளூர் என்று தேவாரத்தில் வருகிற தலம் அது. 4448 நோய்க்கும் மருந்து வைத்திருக்கிற தையல்நாயகி அங்கேதான் இருக்கிறா. அவவுக்கு ரேகை தேவையில்லை.

மூன்றாம் காண்டம் சகோதரத்துக்கு. அது உங்களுக்குப் பொருந்தும். அம்மாவுக்குப் பிள்ளைகள் ஐந்தாம் காண்டத்தில். அம்மாவுக்கு யோசனை சொன்ன அந்த ‘யாரோ’வுக்கு இதுவும் தெரியவில்லை. காணாமல் போன பிள்ளையைப் பற்றி ஒரு தாயிடம் வாயைத் திறக்கிற மனிதர் இந்த அளவாவது விசாரித்திருக்கக் கூடாதா? கோபம்தான் வருகிறது. உங்கள் மேலும் வருகிறது. புடவை, விரதம், குறிப்பு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போகிற காரணத்தைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். ஏடு தேடும்போது ‘ஓம்’, ‘இல்லை’ இந்த இரண்டைத் தவிர வேறு ஒரு சொல்லும் வாயில் வரக்கூடாது. ஒரு கட்டை எடுத்து அவிழ்ப்பார்கள். ‘அப்பாவின் பெயர் சிவன் பெயரா?’ என்று கேட்பார்கள். இல்லை என்றால் ஓலை புரளும். ‘கூடப்பிறந்தவர்களில் மூத்தது ஆணா?’ ஓம். ‘அவர் இப்போது வீட்டில் இல்லையா?’ இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் தவறுகிறார்கள். ‘ஓம் ஐயா, 90இல பிடிச்சுக்கொண்டு போனவங்க, அண்டைக்கு நீலச் சாரம் உடுத்திருந்தவன்’ என்று கதை முழுவதும் கொட்டுப்படும். முப்பது ஓலை புரள்வதற்குள் உங்கள் குடும்பத்தைப் பற்றி நம்ம கிராம சேவகருக்குத் தெரியாததும் ஏடு படிக்கிறவருக்குத் தெரிந்திருக்கும். கடைசியில் ஓர் ஓலை ‘கிடைக்கும்’. நீங்கள் சொன்னதெல்லாம் பாட்டாகத் திரும்பி வரும். சிலருக்கு ஓலை கிடைக்காது, பிறகு வா என்பார்கள். அப்படி அனுப்பினால் நான் சந்தோசப்படுவேன். ஓம், இல்லை. விமானத்தில் போகும்போதே அம்மாவோடு பழகிப் பாருங்கள். ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேளுங்கள். ஓம் என்பதோடு அவ நிறுத்துவாவா, என்ன கறி என்பதையும் சொல்வாவா? நம் ஊர்க் காந்திப் பூங்காவில் காணாமல் போன பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். பெயரைக் கேட்டால் பிறந்த நட்சத்திரம் வரைக்கும் சொல்வார்கள். சொல்லாமல் இருக்க அவர்களால் முடியாது.

உண்மையா பொய்யா என்று கேட்டீர்கள். அகத்தியர் எழுதினாரா, கௌசிகர் எழுதினாரா, எனக்கு அந்த வழக்கு வேண்டாம். ஓலை இருநூறு முந்நூறு வருடம் தாங்கினாலே பெரிய காரியம். அதற்குப் பிறகு யாராவது பார்த்துப் புதிதாக எழுத வேண்டும். எழுதுகிறவன் மனிதன், படிக்கிறவனும் மனிதன். எனக்குத் தெரிந்தது எழுத்து மட்டும், அதைச் சொல்கிறேன்.

ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அதனால் பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. இரட்டைக்கொம்பும் கிடையாது, ‘கெடு’வும் ‘கேடு’ம் ஒரே மாதிரித்தான் இருக்கும். கொம்பைச் சுழித்து வித்தியாசம் காட்டியவர் வீரமாமுனிவர் என்பார்கள், அது 18ஆம் நூற்றாண்டுச் சங்கதி. இதைவிடப் பெரிய தொல்லை, துணைக்காலும் ‘ர’வும் ஒரே வடிவம். அப்பாவின் ஏட்டை இப்போது பாயில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு விருத்தத்தின் முடிவில் இப்படி நிற்கிறது:

வரரரன

இதை எப்படிப் படிப்பீர்கள்?

அப்பா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஏட்டண்ணாவியார். ஏட்டைப் பார்த்துப் பாடி வடமோடிக் கூத்துப் பழக்கியவர். எங்களிடம் இருந்தது பாரதக் கதைக் கூத்து ஏடு ஒன்றும் பாதி செல்லரித்த வைத்திய வாகடம் ஒன்றும்தான். சாத்திர ஏடு எங்கள் வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. 90 முடிகிற நேரம், நான் ஏழாம் வகுப்பு. விடியப்புறம் முதல் பாதையில் (ஆட்களை ஏற்றும் மிதவையில்) ஏறி மண்முனைத்துறையைக் கடந்து ஒரு மனிசி வந்தா. அப்போது பாலம் ஏது, அது 2014இல்தான் வந்தது. வெற்றிலையைத் திண்ணையில் வைத்துவிட்டு, “அண்ணாவியார், என்ர புள்ளைக்கி ஏட்டுல பாருங்க” என்றா.

“இது கூத்தேடு மச்சாள். சாத்திர ஏடில்ல.”

“ஏடு ஏடுதானே.”

அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவ எழும்பவில்லை. கடைசியில் குளித்துவிட்டு வந்து, கட்டை அவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு நூலைச் செருகினார். தேவாரத்தில் கயிறு சாத்திப் பார்க்கிற மாதிரி. வந்த ஓலை அபிமன்னன் சக்கர வியூகத்துக்குள் போய்விட்ட இடம். அப்பாவுக்கு ஏட்டைச் சும்மா வாசிக்க வராது, பாடத்தான் வரும். இழுத்துப் பாடி, கடைசிச் சொல்லில் வந்து நிறுத்தினார்.

வாரான்.

ஏட்டுத் தமிழில் வாரான் என்றால் வரமாட்டான். நம் வாயில் வாறான் என்றால் வந்துகொண்டிருக்கிறான். ரகரமோ றகரமோ, நம் பக்கத்து நாக்குக்கு இரண்டும் ஒன்று. அந்த மனிசி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, “வாறானாம்! என்ர மனே, வாறானாம்!” என்று எழும்பிவிட்டா. பலகையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவன் நான். எனக்கு ஏட்டெழுத்துத் தெரியும், அந்த விருத்தத்தின் பொருளும் தெரியும். “அப்பா, அது...” என்று வாயெடுத்தேன். என் தொடையில் விழுந்த கிள்ளு ஒரு கிழமைக்குக் கன்றியிருந்தது.

அடுத்த தையில் ஓர் உமல் புத்தரிசியோடு வந்தா. அதற்கடுத்த தையிலும் வந்தா. பதின்மூன்று தை. அப்பா அந்த அரிசியை வீட்டுக்குள் எடுக்கவிடவில்லை, அப்படியே கோயில் பொங்கலுக்குக் கொடுத்துவிடுவார். வேண்டாம் என்று ஒருநாளும் அவவிடம் சொல்லவுமில்லை. கூத்துக் களரியில் அந்த ஓலை வருகிற நேரம் ஏட்டை என் மடியில் தள்ளிவிட்டு வெற்றிலை போட எழும்பிவிடுவார். அந்த விருத்தத்தை நான்தான் பாடினேன். அவர் கண்ணை மூடும் வரைக்கும் அப்படித்தான் நடந்தது.

அவர் செய்தது சரியா என்று என்னிடம் கேட்காதீர்கள். கிள்ளு வாங்கியவன் நான், நீதிபதி இல்லை. அந்த மனிசி பதின்மூன்று வருடம் வயல் செய்தா, மகளைக் கட்டிக் கொடுத்தா, பேரப்பிள்ளையைப் பார்த்தா. அது அந்தச் சொல்லாலா என்று தெரியாது. ஒவ்வொரு தையிலும் உமலை இறக்கி வைத்துவிட்டு, “இன்னும் வரல்ல அண்ணாவியார், வருவான்” என்று அப்பாவுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவா. அந்த நேரம் அப்பாவின் முகத்தைப் பார்த்தவன் நான் மட்டும்தான்.

அம்மாவைக் கூட்டிப்போக வேண்டாம் என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. முப்பத்தைந்து வருடமாகக் கந்தோர் கந்தோராகப் படியேறியவவை ஓர் ஓலையிடம் போகாதே என்று சொல்ல நான் யார்? கூட்டிப் போங்கள். பக்கத்தில் இருங்கள். ஏடு கிடைத்தால், விளக்கம் சொல்வதற்கு முன்னால் பாட்டை அப்படியே நோட்டுப் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதித் தருகிற வழக்கம் அவர்களிடம் உண்டு. ஒலிப்பதிவும் கேளுங்கள். விளக்கம் எப்படியும் இனிப்பாகத்தான் இருக்கும். பாட்டு என்ன சொல்கிறது என்பதை நீங்கள் தனியாக, அம்மா நித்திரையான பிறகு பாருங்கள். பார்த்ததை அவவிடம் சொல்வதா விடுவதா என்பது உங்கள் பாடு. என் அப்பாவுக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் கிடைத்தது. உங்களுக்கு ஓர் இரவு கிடைக்கும்.

இன்னுமொன்று. சம்மதித்தால் அந்த ஓலையை ஃபோனில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். விளக்கை நேரே பிடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளம் தெளிவாக விழும். புள்ளி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.