ஓட்டெடுப்பு இல்லாத ஆண்டுக் கூட்டம்: விருந்தாளியாகப் போகிறவருக்கு

கேள்வி: லண்டனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். உடன் வேலை பார்க்கும் ஓர் அம்மா குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். அவர்களுடைய ஆண்டுக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிடுகிறார். "அங்கே ஓட்டெடுப்பே கிடையாது, நிறைய நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்போம்" என்கிறார். நான் கோயிலுக்குப் போகிறவள். போகலாமா? எப்படி நடந்துகொள்ள வேண்டும்? ஓட்டில்லாமல் எப்படி முடிவெடுப்பார்கள்?

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். உங்களை மதம் மாற்ற அங்கே யாரும் காத்திருக்கவில்லை. பாதிரியார் கிடையாது, பீடம் கிடையாது, அப்பமும் திராட்சை ரசமும் கிடையாது. அதனால் 'இதில் நான் சேரலாமா, கூடாதா' என்று தடுமாற வைக்கும் சடங்கு எதுவும் வராது. ஒரு காரியத்தை மட்டும் முன்னதாகச் செய்துவிடுங்கள். உறுப்பினர் அல்லாதவர்கள் அனுமதி கேட்டு, பதிவு செய்துகொண்டு வருவதுதான் முறை. உங்கள் தோழியிடம் சொன்னால் அவருடைய வட்டாரக் கூட்டத்தின் (அவர் பகுதிக் குவேக்கர் சபையின்) வழியாக ஏற்பாடு செய்வார். ஆண்டுக் கூட்டம் பெரும்பாலும் மே மாத வங்கி விடுமுறையை ஒட்டி வரும், சில வருடங்களில் மாறும். ஷிப்ட் மாற்றிக் கேட்பதற்கு முன் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள்.

குவேக்கர் என்றதும் நம்மில் பலருக்கு ஓட்ஸ் டப்பாதான் நினைவுக்கு வரும். அந்தக் கம்பெனிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே ஆள் தேவையில்லை என்று 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் முதலானோர் கிளப்பிய இயக்கம் இது. தங்களுக்குள் 'நண்பர்கள்' என்றே சொல்லிக்கொள்வார்கள். லண்டன் ஆண்டுக் கூட்டம் 1668-ல் தொடங்கியது. 1995-ல் அதன் பெயர் பிரிட்டன் ஆண்டுக் கூட்டம் என்று மாறியது. 'ஆண்டுக் கூட்டம்' என்பது அந்த மூன்று நான்கு நாள் நிகழ்ச்சிக்கு மட்டுமான பெயர் இல்லை. அந்த நாட்டுச் சபைக்கே அதுதான் பெயர். வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் கூடி உட்காருவதுதான் அவர்களுக்குச் சபை.

வழக்கமான இடம் யூஸ்டன் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ். 1931-ல் வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்திக்கு வரவேற்புக் கூட்டம் நடந்ததும் அங்கேதான்.

இனி, முடிவெடுக்கும் விதம். முன்னால் ஒரு மேசை. அங்கே கிளார்க்கும் துணை கிளார்க்குகளும் இருப்பார்கள். நம் ஊர் குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். கூட்டத்தை நடத்துபவரும் அவரே, மினிட் (முடிவின் எழுத்துப் பதிவு) எழுதுபவரும் அவரே. கூட்டம் மௌனத்தில் ஆரம்பிக்கும். ஒருவர் விஷயத்தை எடுத்துச் சொல்வார். பேச விரும்புகிறவர்கள் எழுந்து நிற்பார்கள், கிளார்க் ஒருவரை அழைப்பார், மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். அவர் பேசி முடித்ததும் உடனே அடுத்தவர் எழுந்திருக்க மாட்டார். சொன்னது மனதில் இறங்கக் கொஞ்சம் இடைவெளி விடுவார்கள். ஒரு விஷயத்தில் ஒருவர் ஒருமுறைதான் பேசுவது வழக்கம். முந்தினவருக்கு மறுப்புச் சொல்வது, கை தட்டுவது, இரண்டுமே கிடையாது.

அப்புறம் நடப்பதுதான் என்னை முதல்முறை நிமிர்ந்து உட்கார வைத்தது. கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்ததும் கிளார்க் அங்கேயே, எல்லோர் முன்னாலும், மினிட் எழுத ஆரம்பிப்பார். நூற்றுக்கணக்கான பேர் பேசாமல் காத்திருப்பார்கள். செல்போனை யாரும் எடுக்க மாட்டார்கள். எழுதுகிறவருக்குத் துணையாக இருப்பதாகவே அந்த மௌனத்தை நினைக்கிறார்கள். எழுதியதை வாசிப்பார். யாராவது எழுந்து ஒரு சொல்லை மாற்றச் சொல்வார். திருத்தி மறுபடி வாசிப்பார். 'ஏற்கிறீர்களா?' என்று கேட்டதும் மண்டபம் முழுக்க 'ஹோப் ஸோ' என்று ஒரு முணுமுணுப்பு எழும். ஆம் என்று அடித்துச் சொல்லாமல், இதுதான் சரியாக இருக்கும் என்று நம்புகிறோம் என்கிற தொனி. அதோடு முடிந்தது. 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று மறுநாள் யாரும் கிளம்ப வழியில்லை. பொதுக்குழு முடிந்து இரண்டு மாதம் கழித்து மினிட்ஸ் புத்தகத்தை வைத்துச் சண்டை போடுகிற சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஒத்துவரவில்லை என்றால்? 'இன்னும் ஒருமனப்படவில்லை' என்று எழுதிவிட்டு விஷயத்தைத் தள்ளிவைப்பார்கள். 60 பேர் ஒருபக்கம், 40 பேர் மறுபக்கம் என்று எண்ணும் வேலையே கிடையாது. இப்படித்தான் 2009-ல் யார்க் நகரில் கூடியபோது, ஒரே பாலினத்தவரின் திருமணத்தையும் மற்றத் திருமணங்களைப் போலவே நடத்தி வைப்பது என்று முடிவெடுத்தார்கள். இங்கிலாந்தில் அதற்கான சட்டம் வந்தது 2013-ல்தான்.

இந்த முறையை நான் மதிக்கிறேன். ஆனால் இதன் விலையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1688-ல் அமெரிக்காவில் ஜெர்மன்டவுன் என்ற ஊரில் நான்கு பேர் அடிமை முறையை எதிர்த்து ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். உள்ளூர்ச் சபையான மாதக் கூட்டம் 'இது எங்களுக்குப் பெரிய விஷயம்' என்று, அதற்கு மேலே இருந்த காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. அது ஆண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. ஆண்டுக் கூட்டம் ஓரம் வைத்துவிட்டது. பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் தன் உறுப்பினர் யாரும் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று தடை போட்டது 1776-ல். நடுவில் 88 வருடம். எல்லோரும் ஒத்துவரட்டும் என்று காத்திருந்த அந்தக் காலத்தில் அடிமைகளாகவே வாழ்ந்து செத்தவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த நடுக்காலத்தில் ஜான் உல்மன் என்ற தையற்காரர், அடிமை வைத்திருந்த குவேக்கர்களின் வீடுகளுக்கே நேரில் போய்ப் பேசினார். அந்த வீடுகளில் தனக்கு வேலை செய்த அடிமைகளுக்குக் காசு கொடுத்துவிட்டு வருவார். குவேக்கர்களின் மனசு மாறியதில், அவர் இப்படி வீடு வீடாகப் போனதற்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முடிவெடுக்கும் அமர்வுகளில் விருந்தாளி பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பதே நல்லது. வழிபாட்டு அமர்வு வேறு. அங்கே மனதில் உந்துதல் வந்தால் யாரும் எழுந்து இரண்டு வார்த்தை பேசலாம். உங்கள் ஆங்கிலத்தை யாரும் எடை போட மாட்டார்கள். மிஸ்டர், டாக்டர் என்ற பட்டங்கள் வேண்டாம், முழுப்பெயரே போதும். உடை சாதாரணமாக இருக்கட்டும். விவாதத்துக்கு வரும் விஷயங்கள் முன்கூட்டியே அச்சில் வரும். தோழியிடம் வாங்கி ஒருமுறை புரட்டிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் பாதி புரியாது.

நேரம் இல்லையென்றால் இரண்டு அமர்வுக்காவது போங்கள். காலமான உறுப்பினர்களைப் பற்றிய சாட்சியங்கள் வாசிக்கப்படுவது ஒன்று. புகழ்மாலையாக எழுதாமல், அந்த வாழ்க்கையில் கடவுளின் அருள் எப்படித் தெரிந்தது என்று எழுதுவார்கள். மற்றது கடைசி அமர்வு. உலகெங்கும் உள்ள குவேக்கர்களுக்கு எழுதிய மடலை அன்று வாசிப்பார்கள். கென்யாவுக்கும் அது போகும். உலகிலேயே குவேக்கர்கள் அதிகம் இருக்கும் நாடு அதுதான். அங்கே போதகர் உண்டு, பாட்டு உண்டு, கூட்டமே வேறு மாதிரி இருக்கும்.

முதல் நாள் கால்மணி நேரம் முன்னதாகவே போய் உட்காருங்கள். கடிகாரத்தில் மணி ஆகட்டும் என்று அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். முதல் ஆள் வந்து உட்கார்ந்ததுமே மௌனம் தொடங்கிவிடும்.