வாசகர் கேள்வி – பதில்: செய்தி தெரியும், மதிப்பெண் ஏன் வரவில்லை?

கேள்வி: இங்கிலாந்தில் அரசியல் பட்டப்படிப்பு முதலாண்டு. தற்காலப் பிரிட்டிஷ் அரசியல் பாடத்துக்காகத் தினமும் செய்திகளை விடாமல் படிக்கிறேன். ஆனாலும் முதல் கட்டுரைக்கு 56தான். ‘விவரிக்கிறீர்கள், வாதிடவில்லை’ என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். எதை மாற்றுவது?

பதில்: 56-ஐப் பார்த்துக் கலங்காதீர்கள். அங்கே 70 எடுத்தாலே முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை மேல் இரண்டாம் வகுப்பு.

செய்திகளை நிறையப் படிப்பவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம் வருகிறது. ‘பிரதமரின் அதிகாரம் கூடிவிட்டதா?’ என்று கேட்டால், 2022இல் ஜான்சன், டிரஸ், சுனக் என மூவர் மாறிய கதையை வரிசையாக எழுதிவிடுகிறார்கள். அது விடையாகாது. டிரஸ் 49 நாளில் பதவி இழந்ததற்குக் கடன்பத்திரச் சந்தை எவ்வளவு காரணம், சொந்தக் கட்சி எம்.பி.க்கள் எவ்வளவு காரணம் என்று பிரித்து எடைபோடுங்கள். உங்கள் முடிவை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு அதற்கு எதிரான வலுவான சான்றையும் நீங்களே கொண்டுவந்து பதில் சொல்லுங்கள்.

அடுத்து, சட்டம் எது, மரபு எது என்று பிரித்தறியப் பழகுங்கள். பிரிட்டனின் அரசியலமைப்பு ஒரே ஆவணமாகத் தொகுக்கப்படாததால் பலர் வழுக்கி விழும் இடம் இது. சூவல் மரபை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துக்குப் பகிர்ந்தளித்த விஷயங்களில், அதன் நாடாளுமன்றம் ஒப்பாமல் வெஸ்ட்மின்ஸ்டர் (லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நாடாளுமன்றம்) ‘வழக்கமாக’ச் சட்டம் இயற்றாது என்பதே அது. 2016ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டத்தில் அதை எழுதியே வைத்தார்கள். ஆனால் 2017 ஜனவரியில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதை (பிரெக்ஸிட்) தொடங்க அரசுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டுமா என்ற மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம், அது அரசியல் மரபுதான், அதை நடைமுறைப்படுத்துவது நீதிமன்றத்தின் வேலையல்ல என்று சொல்லிவிட்டது. சட்டப் புத்தகத்தில் ஏறியும் மரபாகவே நிற்கிறது! நாடாளுமன்ற இறையாண்மை, அதிகாரப் பகிர்வு, பிரெக்ஸிட் என எந்தக் கட்டுரைக்கும் இந்த ஒரு எடுத்துக்காட்டு கைகொடுக்கும்.

எண்களை எழுதினால் மட்டும் போதாது, காரணமும் வேண்டும். 2024 தேர்தலில் ரிஃபார்ம் கட்சிக்கு 14 சதவீதத்துக்கும் சற்று மேல் வாக்கு, கிடைத்தது 5 இடம். லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 12 சதவீதம், ஆனால் 72 இடம். ‘தேர்தல் முறை அநியாயம்’ என்று எழுதி நிறுத்திவிட்டால் பாதி விடைதான். ரிஃபார்மின் வாக்கு நாடெங்கும் சிதறிக் கிடந்தது; லிபரல் டெமாக்ரட்டுகள் வெல்லக்கூடிய தொகுதிகளில் குவித்தார்கள். இதை விளக்குவதில்தான் மதிப்பெண் இருக்கிறது.

நாளிதழோடு நிற்காமல் மூல ஆவணங்களுக்குப் போங்கள். நாடாளுமன்றப் பேச்சுகளைத் தரும் ஹன்சார்டு விவாதப் பதிவு, காமன்ஸ் (கீழவை) நூலகத்தின் விளக்கக் குறிப்புகள், அரசின் செயல்பாட்டை ஆராயும் தெரிவுக்குழுக்களின் அறிக்கைகள் எல்லாம் இணையத்தில் இலவசம். ஒரு மசோதாவைத் தேர்ந்தெடுத்து, முதலில் நூலகக் குறிப்பையும் பிறகு இரண்டாம் வாசிப்பு விவாதத்தையும் (மசோதாவின் அடிப்படை நோக்கம் பற்றியது) படியுங்கள். பிரபுக்கள் சபை (மேலவை) எதைத் திருத்தியது, காமன்ஸ் எதை ஏற்றது என்று பின்தொடருங்கள். ஒன்றை முழுதாகத் தொடர்ந்து படித்தாலே நாடாளுமன்றம் எங்கே அரசை வளைக்கிறது என்று பிடிபடும்.

கேள்வி: ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தைத் தனியாகப் படிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். மருத்துவம், பள்ளிக்கல்வி போன்றவற்றில் லண்டன் அரசு அறிவிக்கும் கொள்கை பெரும்பாலும் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். அதை ‘பிரிட்டன் முழுக்க’ என்று எழுதினால் திருத்துபவர் அங்கேயே கோடு போடுவார்.