மின்னல் வடிவில் ஏழு விண்மீன்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

ஆங்கிலேய ராக் பாடகர் டேவிட் போவி இறந்தபோது அவர் பெயரில் மின்னல் வடிவ விண்மீன் கூட்டம் ஒன்றை அறிவித்தார்கள் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா? இங்கிருந்து பார்க்க முடியுமா? அவருடைய கடைசி இசைத்தட்டான 'பிளாக்ஸ்டார்' உறையிலும் ரகசியங்கள் இருக்கிறதாம். பீட்டில்ஸ் இசைக்குழுவின் தட்டு உறையைத் தலைகீழாகப் பிடித்தால் போன் நம்பர் தெரியும் என்ற கதை மாதிரிதானே இதுவும்?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. 2016 ஜனவரியில் போவி இறந்த சில நாட்களில், பெல்ஜியத்தின் மிரா வானாய்வகமும் ஸ்டுடியோ பிரஸ்ஸல் வானொலியும் சேர்ந்து ஏழு விண்மீன்களைக் கோடு போட்டு இணைத்தார்கள். 1973இல் வந்த 'அலாதீன் சேன்' இசைத்தட்டின் உறையில் அவர் முகத்துக்குக் குறுக்கே தீட்டியிருக்கும் மின்னல்தான் அந்த வடிவம். ஆனால் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் 88 விண்மீன் கூட்டங்களில் அது இல்லை. சேர்க்கவும் இடமில்லை, வானம் முழுவதையும் அந்த 88க்கும் எல்லை கட்டிப் பிரித்தாகிவிட்டது.

ஏழில் ஒன்று ஸ்பைகா, நம் சித்திரை நட்சத்திரம். ஏப்ரல், மே இரவுகளில் உங்கள் மொட்டைமாடியிலிருந்தே பளிச்சென்று தெரியும். மின்னல் அங்கிருந்து தெற்கே இறங்கி, சென்டாரஸ் விண்மீன் கூட்டம் வழியாக ஆக்டன்ஸ் கூட்டம் வரை போகிறது. ஆக்டன்ஸ் இருப்பது வானத்தின் தென் துருவத்தை ஒட்டி. மின்னலின் அந்த முனை திருநெல்வேலியில் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. பெல்ஜியத்திலோ மின்னலில் சென்டாரஸைச் சேர்ந்த விண்மீன்கூட எழாது. வரைந்தவர்களே தங்கள் ஊரில் நின்று முழுதாகப் பார்க்க முடியாத படம். அதனாலேயே எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

பீட்டில்ஸ் ஒப்பீட்டை மட்டும் என்னால் ஏற்க முடியாது. 'மேஜிக்கல் மிஸ்டரி டூர்' உறையில் குழுவின் பெயரை நட்சத்திரங்களால் எழுதியிருக்கிறார்கள். 1969இல் அந்தக் குழுவின் பால் மெக்கார்ட்னி செத்துப்போனார் என்ற வதந்தி கிளம்பியதும், அதைக் கவிழ்த்துப் பார்த்து எண்களாகப் படித்தது ரசிகர்கள். யாரும் வைக்காததை எடுத்தார்கள். பிளாக்ஸ்டார் விஷயம் வேறு. வடிவமைப்பாளர் ஜோனதன் பார்ன்புரூக் தெரிந்தேதான் ஒளித்து வைத்தார். முன்பக்கம் போவியின் முகம் கிடையாது, பெரிய கறுப்பு நட்சத்திரம்தான். அதன் கீழே உடைந்த நட்சத்திரத் துண்டுகள் ஐந்து. அவற்றை எழுத்துகளாகப் பாருங்கள், போவியின் பெயர் வரும்.

அதைவிட அழகானது எல்பியில், அதாவது பெரிய வினைல் தட்டுப் பதிப்பில் இருக்கிறது. தட்டை வெளியே எடுத்துவிட்டு, விரித்த உறையை வெயிலில் பிடித்தால் கறுப்புக்குள்ளிருந்து விண்மீன்கள் தெரிகின்றன. பார்ன்புரூக் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. தட்டு வெளியான ஜனவரி 8 போவியின் 69ஆவது பிறந்தநாள், அடுத்த இரண்டாம் நாள் அவர் இறந்துவிட்டார். இனி அவரிடமிருந்து புதிதாக ஒன்றும் இல்லை என்று ரசிகர்கள் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு, சில மாதம் கழித்து யாரோ ஒருவர் உறையை வெயிலில் நீட்டியிருக்கிறார். முதல் நாளே விளம்பரத்தில் சொல்லியிருந்தால் அது விற்பனை உத்தியாகப் போயிருக்கும்.

உங்களிடம் சிடிதான் இருக்கிறதென்றால் வெயிலில் காட்ட வேண்டாம், அதில் இது கிடையாது. எல்பி வைத்திருப்பவர் யாராவது கிடைத்தால் உறையை மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அன்புடன்